"சமைக்கறதுக்கு எதுக்கு காலேஜு?"

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு உறுப்பினர் ஒருவரின் மகளும் மருத்துவமனை உணவியல் நிபுணருமான ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மூன்றாவது வரிசையில் எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. நான் மேடை ஏறுவதற்கு முன்னாடி, "நம்ம வீட்டுக் கதையெல்லாம் பேசிடாதே"ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனால் அதைப் பேசாமல் என் படிப்பைப் பற்றிப் பேச முடியாதுங்க. வீட்டுக்குப் போனதும் திட்டு விழும். பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.

2013-ல் நான் ப்ளஸ் டூ முடித்தேன். உணவு, ஊட்டச்சத்துப் படிப்பில் பி.எஸ்சி.க்கு இடம் கிடைத்தது. முதல் வருஷக் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம், வெள்ளைக் கோட்டு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. எங்கம்மா குழுவில் கடன் கேட்டாங்க. அந்தக் கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரியம்மா சொன்னாங்க: "ஆட்டுக்குக் கடன் கேட்டா குட்டி போடும். மாட்டுக்குக் கேட்டா பால் கறக்கும். சமைக்கறதுக்கு எதுக்குடி காலேஜு? நாமெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சுட்டு வந்து களி கிண்டறோம்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பெரியம்மா கேட்டதில் தப்பு இல்லைங்க. குழுப் பணம் எல்லாரும் வாராவாரம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அது திரும்பி வருமா என்று கேட்க வேண்டியது உறுப்பினரின் கடமை. கடைசியில் ஊக்குநர் அக்கா பேசி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கடன் கொடுப்பதாகத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். அந்தப் பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டாங்க. அவங்க கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

என்ன படித்தேன்?

இது சமையல் படிப்பு இல்லைங்க. சமையலும் இதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். சாப்பிட்ட சோறு உடம்புக்குள் போய் என்ன ஆகிறது, ரத்தமாக எப்படி மாறுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் என்ன வேலை செய்கின்றன என்று உடலியங்கியல் படிக்க வேண்டும். உயிர்வேதியியல் உண்டு. உணவு எப்படிக் கெடுகிறது, எந்தக் கிருமி எந்தச் சூட்டில் சாகும் என்று நுண்ணுயிரியல் உண்டு. கர்ப்பிணிக்கு, பால் கொடுக்கும் தாய்க்கு, ஆறு மாதக் குழந்தைக்கு, வயதானவர்களுக்கு என்ன தேவை என்பது ஒரு பாடம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு உணவை எப்படி மாற்றுவது என்பது இன்னொரு பாடம். அதற்கு உணவுச் சிகிச்சை என்று பெயர். ஐநூறு பேருக்குச் சமைக்கும் அடுப்படியை நடத்துவது, கணக்கு வைப்பது, சாமான் கொள்முதல் செய்வது எல்லாமும் படித்தோம்.

முதல் வருஷம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாமே இங்கிலீஷ். முதல் செமஸ்டரில் உயிர்வேதியியலில் தோற்றேன். வீட்டில் சொல்லவில்லை. குழுக் கடன் வாங்கிப் படிக்கிறவள் தோற்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தினமும் பத்து வார்த்தை என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதிப் படித்தேன். அடுத்த முறை தேறினேன். உங்கள் பிள்ளைகள் முதல் வருஷம் ஒரு பேப்பரில் தோற்றால் உடனே படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அது அறிவு இல்லாததால் வருவது இல்லை. பாஷை பழகாததால் வருவது.

இந்தத் துறையில் பெரிய ஆட்கள் வெளிநாட்டுக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் ஒரு ஆச்சரியம். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறது. ஆனால் அது பிறந்தது நம் தமிழ்நாட்டில், குன்னூரில். 1918-ல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் ஆரம்பித்தார். பெரிபெரி என்ற நோயை ஆராய்வதற்காகத்தான் அதைத் தொடங்கினார்கள். 1958-ல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. அந்த நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த டாக்டர் சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்தில் நம் தருமபுரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று அவரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட அட்டவணைப் புத்தகத்தை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடக் கற்றோம்.

இன்னொருவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் நம் பக்கத்துச் செங்கத்தில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்து, கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். செங்கத்தில் இருந்து ஒரு பெண் அன்றைக்கே போக முடிந்தது என்றால், இன்றைக்கு நம் பெண்கள் போக முடியாதா?

அந்தப் பெரிபெரி நோய்க்கு வருகிறேன். கை கால் மரத்துப் போகும், வீங்கும், நெஞ்சு பலவீனமாகி ஆளே போய்விடுவார். அரிசியை மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளையாகச் சாப்பிட ஆரம்பித்த இடங்களில் இது அதிகம் வந்தது. தவிட்டோடு பி1 என்ற வைட்டமினும் போய்விட்டதுதான் காரணம். ஆனால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஏன் தெரியுமா? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பக்கம் இருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை.

பெரியம்மா, நீங்கள் எந்தக் காலேஜிலும் படிக்காமல் நெல் அவித்தீர்கள். சரியாகத்தான் செய்தீர்கள். அது ஏன் சரி என்று தெரிந்துகொள்ளத்தான் காலேஜ். ஏன் என்று தெரியாவிட்டால், நாளைக்கு ஒருத்தர் டிவியில் வந்து "இந்தப் பவுடர் வாங்குங்க"ன்னு சொன்னதும் நம் கையில் இருக்கும் நல்லதை விட்டுவிடுவோம்.

அம்மாவின் தட்டு

இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் வீட்டில் மூன்று நாள் என்ன சமைக்கிறார்கள் என்று, சமைப்பதற்கு முன்னால் எடை போட்டு எழுத வேண்டும். பிறகு ஆட்களின் வயதையும் வேலையையும் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். நான் லீவில் வந்து தராசு வைத்து எல்லாவற்றையும் நிறுத்து எழுதிக்கொண்டு போனேன். கணக்கு ஓரளவு நன்றாகத்தான் வந்தது. எங்கள் பேராசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "வீட்டுக்கு எவ்வளவு வந்ததுன்னு எழுதியிருக்கே. யார் தட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லைங்க. பதினெட்டு வருஷம் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த லீவில் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு இரண்டு உருண்டை களி, அவரைக்கொட்டைக் குழம்பு. எனக்கு ஒன்றரை உருண்டை. "காலேஜ் பிள்ளை இளைச்சுப் போச்சு"ன்னு குழம்பில் இருந்த கொட்டையெல்லாம் எனக்குத்தான் வந்தது. எங்கம்மா சட்டியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, நின்றுகொண்டே குடித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போனாங்க. மத்தியானம் சோறு, ஊறுகாய். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்ச சோறு, அடியில் கிடந்த ரசம். வேலைக்கு நடுவில் மூன்று தடவை டீ.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து கோழி இருந்தது. அந்த மூன்று நாளில் ஒன்பது முட்டை கிடைத்தது. ஒன்பதும் கடைக்குப் போய்விட்டது. "ஏம்மா விக்கிற?"ன்னு கேட்டேன். "உனக்கு மாசா மாசம் பஸ் காசு, போன் காசு எதுல இருந்து அனுப்பறேன்னு நெனச்சே?"ன்னு கேட்டாங்க.

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. குழுக் கடனில் காலேஜ் கட்டணம் கட்டினோம். மிச்சமெல்லாம் எங்கம்மா தட்டில் இருந்து வந்திருக்கிறது. நான் ஊட்டச்சத்து படிப்பதற்காக எங்கம்மா ஊட்டச்சத்தை விட்டுக்கொடுத்திருக்காங்க.

கணக்குப் போட்டேன். அவங்க சாப்பிட்டதில் ஒரு நாளைக்கு ஏழு மில்லிகிராம் இரும்புச்சத்துகூடத் தேறவில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. ஆணுக்கு 19 போதும். கவனியுங்கள் அக்கா, நமக்குத்தான் அதிகம் வேண்டும். மாதாமாதம் நமக்குத்தான் ரத்தம் போகிறது. ஆனால் கறியும் முட்டையும் யார் தட்டுக்கு முதலில் போகிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. எட்டுக்குக் கீழே போனால் கடுமையான சோகை. மேடேறினால் மூச்சு வாங்குவது, சாயங்காலம் கால் கனப்பது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, எல்லாவற்றையும் "வயசாச்சு"ன்னு சொல்லிக்கொண்டிருந்தாங்க. அப்போது அவங்களுக்கு நாற்பத்தொரு வயசு. அரிசி புடைக்கும்போது ஒரு கை பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாங்க. அது ருசிக்காக இல்லை. அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ் இதெல்லாம் தின்னத் தோன்றுவது பலநேரம் ரத்தசோகையின் அடையாளம். உங்கள் பிள்ளையோ மருமகளோ அப்படிச் செய்தால் திட்டாதீர்கள், ரத்தம் சோதித்துப் பாருங்கள்.

சாப்பாடு மட்டும் காரணம் இல்லைங்க. மாதவிலக்கு பத்து நாள் போகிறது என்பதை எங்கம்மா யாரிடமும் சொன்னதில்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. டாக்டர் பார்த்து அதற்கு வைத்தியம் செய்தார். கீரை மட்டும் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உதிரம் அதிகம் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் ரத்தம் குறையும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் பந்தலில் இருக்கிற அந்த வயதுப் பெண்களில் இரண்டு பேருக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பாருங்கள். அவங்களோ நீங்களோ.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது

சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட உடனேயோ டீ, காபி குடிக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டோடு கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். நெல்லிக்காய், கொய்யாக்காய் கடித்துக்கொள்ளுங்கள். புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பரணில் போடாதீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் மூன்று அட்டை இருந்தது. "சாப்பிட்டா குமட்டுது, வெளிக்குக் கறுப்பாப் போகுது"ன்னு நிறுத்திட்டாங்க. கறுப்பாகப் போவது சாதாரணம், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒரு வேளைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

நம்ம கேழ்வரகு. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் அதில் இருக்கும் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "சுகர் இருக்கு, அதான் களி மட்டும் சாப்பிடறேன்"ன்னு மூன்று உருண்டை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். களியிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். ஒரு உருண்டை, அதோடு நிறையக் கீரை, பயறு என்று சாப்பிட்டால் நல்லது. கூழாகக் கரைத்து மடமடவென்று குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

ரேஷன் அரிசியில் நடுநடுவே வேறு மாதிரி அரிசி கிடந்ததை "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பொறுக்கி எறிந்தோம் இல்லையா? அது பிளாஸ்டிக் இல்லைங்க. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செய்து, நூறு பங்குக்கு ஒரு பங்கு கலந்து கொடுத்தார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்று அதற்குப் பெயர். தண்ணீரில் மிதக்கிறதே என்று எறிந்தது அந்தச் சத்தைத்தான். நானே லீவில் வந்தபோது எங்கம்மா முறத்தில் அது தனியாகக் குவித்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன்.

வேலையில் கற்றது

பி.எஸ்சி. மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு வருஷம், அப்புறம் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. முடித்ததும் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்று கொடுப்போம். ஒருநாள் நம் பக்கத்து ஆயா ஒருத்தர் வந்தார். அவரிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஆப்பிள், சாயங்காலம் பாதாம் நாலு. ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணு, நீ சொல்றதெல்லாம் எந்தக் கடையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட ரேஷன் அரிசி இருக்கு, வேலியில முருங்கை இருக்கு. அதுல என்ன சாப்பிடலாம்னு சொல்லு."

ஐந்து வருஷம் படித்தவளுக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்த நானே, அச்சடித்த தாளைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டேன். அன்றில் இருந்து யார் வந்தாலும் முதலில் "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்கிறேன். அவங்க வீட்டில் இருப்பதை வைத்துத்தான் சொல்கிறேன். நம்ம ஊர்ப் பெண்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆயா வீட்டு வேலியில் என்ன இருக்கும் என்று நம் பிள்ளைக்குத்தான் தெரியும்.

பெண்ணைப் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு

பத்தாவது முடித்ததும் ப்ளஸ் ஒன்னில் வேதியியல், உயிரியல் உள்ள அறிவியல் பிரிவு எடுப்பது நல்லது. பல கல்லூரிகள் அதைக் கேட்கின்றன. சேர்வதற்கு முன்னால் அந்தந்தக் கல்லூரியில் தகுதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022-ல் தொடங்கிய திட்டம் இது. என் காலத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒன்பது முட்டையும் வீட்டிலேயே இருந்திருக்கும். வங்கியில் கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கொடுக்கிறார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் பெரிய சம்பளம் இல்லைங்க. பி.எஸ்சி. மட்டும் முடித்தால் சமையலறை மேற்பார்வை வேலை கிடைக்கலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு உணவு எழுதிக் கொடுக்கும் பொறுப்புக்கு எம்.எஸ்சி.யும், பதிவு பெற்ற உணவியல் நிபுணர் தேர்வும் இருந்தால்தான் மதிப்பு. 2021-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று இந்தத் தொழிலையும் மருத்துவம் சார்ந்த தொழில்களில் சேர்த்திருக்கிறது. மூன்று மாதத்தில் டயட்டீஷியன் ஆக்குகிறோம் என்று பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள். என் குழுக் கடனை அடைக்க நான்கு வருஷம் ஆனது. கடைசித் தவணையை நானே கொண்டு வந்து கட்டினேன். அன்றைக்கு அந்தப் பெரியம்மாதான் பேரேட்டில் எனக்கு வரவு எழுதினாங்க. "ஆடு மெதுவாத்தான் குட்டி போட்டுது, ஆனா போட்டுது"ன்னு சொன்னாங்க.

மூன்று கோரிக்கை

1989-ல் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் தருமபுரியில்தான். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பதும் நம் குழுப் பெண்கள்தான். ஊருக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கிக் காட்டும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த உரிமையில் கேட்கிறேன்.

ஒன்று. குழுக்களில் படிப்புக்குக் கேட்கும் கடனைக் கல்யாணச் செலவு, காதுகுத்துச் செலவு மாதிரி வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள். அதற்கென்று தனியாக, குறைந்த வட்டியில், வேலை கிடைத்தபின் திருப்பும்படி ஒரு வழி செய்யுங்கள். எங்கள் குழு எனக்குச் செய்தது. கூட்டமைப்பு எல்லாருக்கும் செய்யலாம்.

இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவாகச் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஆளாளுக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். ரத்தம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இல்லை. பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணை அவரவரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மூன்று. பெண்ணைப் படிக்க வையுங்கள். ஆனால் உங்கள் தட்டில் இருந்து எடுத்துப் படிக்க வைக்காதீர்கள். அப்படிப் படித்த பிள்ளைக்கு அது பின்னால் தெரிய வரும்போது, எந்தப் பட்டமும் இனிக்காது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கம்மாவுக்குப் போன மாதம் பார்த்தபோது 11.6 இருந்தது. இன்னும் 12 ஆகவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு முட்டை அவங்களுக்கு. அப்பாவே அவித்து வைத்துவிடுகிறார். பார்க்காத நேரத்தில் அதைப் பேரனுக்கு ஊட்டிவிடறாங்க என்று கேள்விப்பட்டேன். அம்மா, அதைப் பற்றி நாம வீட்டில் பேசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. கொஞ்ச நேரத்தில் சாப்பாடு. காலையில் நாலு மணியில் இருந்து பின்னால் அடுப்பு முன்னால் நின்று சமைத்த அக்காமார்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். வழக்கமாக அவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அதற்குள் குழம்பில் காய் இருக்காது. இன்றைக்கு அவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். நான் பரிமாறுகிறேன். கூட இரண்டு பேர் கை கொடுங்கள்.